வாசல் வெட்டிய கான்கிரீட் சுவருக்கு நூல்வலைக் கவசம்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் தொடங்கி, பரங்கிப்பேட்டை வழியாகச் சிதம்பரம் வரை, கொஞ்சம் வயதான கான்கிரீட் கட்டடங்களின் ஜன்னல் மூலைகளை நின்று பாருங்கள். பல இடங்களில் ஒரே காட்சிதான். ஜன்னலின் மேல் மூலையிலிருந்து ஒரு விரிசல் சாய்வாகக் கிளம்பும். மயிரிழை அகலம்தான் இருக்கும். ஒரு முழம் தூரம் ஓடி மங்கி மறையும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை மாதத்தில் பார்த்தால், அந்தக் கோட்டுக்குக் கீழே துரு கரைந்து வழிந்த பழுப்புத் தடம் தெரியும். கொத்தனார் வந்து விரிசலைக் கீறிவிட்டு, பட்டி அடைத்து, பெயிண்ட் அடித்துப் போவார். அடுத்த மழைக்கு அதே மூலையில், அதே சாய்வில், விரிசல் மறுபடி எட்டிப் பார்க்கும்.

விரிசலுக்குச் சுவரில் எத்தனையோ இடம் இருக்க, அது ஏன் மூலையைத் தேடிப் போகிறது? இதற்கான விடை தெரிந்துவிட்டால், கான்கிரீட் சுவரில் புதிதாக ஒரு வாசல் வெட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதும் தெரிந்துவிடும். அப்படி வெட்டிய சுவரைத் துருப்பிடிக்காத நூலால் நெய்த வலையையும் மெல்லிய சிமெண்ட் சாந்தையும் கொண்டு பலப்படுத்தும் முறை ஒன்று கடந்த 20 ஆண்டுகளில் உலகெங்கும் வளர்ந்திருக்கிறது. உப்புக்காற்றில் நிற்கும் நம் கடலோரக் கட்டடங்களுக்கு அது மிகவும் பொருந்தும் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

சுமை சுற்றிப் போகும் வழி

நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் பில்லரும் பீமும்தான் சுமை தாங்குகின்றன. இடையில் இருக்கும் செங்கல் சுவர் மறைப்புக்குத்தான். ஆனால் சுவரே சுமை தாங்கும் கான்கிரீட் கட்டடங்களும் இருக்கின்றன. லிஃப்ட் கூண்டைச் சுற்றிய சுவர்கள், தரைக்குக் கீழே உள்ள தளத்தின் சுவர்கள், அலுமினியப் பலகை அடைத்துச் சுவரையும் தளத்தையும் ஒரே வார்ப்பாக ஊற்றும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எல்லாம் இந்த வகை. இவற்றில் சுவர் என்பது ஒரு அகலமான பில்லர். மேல் தளங்களின் எடை முழுவதும் அதன் வழியாகத்தான் அஸ்திவாரத்துக்குப் போகிறது. புயற்காற்றோ நில அதிர்வோ பக்கவாட்டில் தள்ளும்போது கட்டடம் சாயாமல் பிடித்து நிறுத்துவதும் அதுவே. பொறியாளர்கள் இதை 'ஷியர் வால்' என்கிறார்கள்.

திறப்பு இல்லாத சுவரில் சுமை நேர்கோட்டில் கீழே இறங்கும். நடுவில் ஒரு ஓட்டை விழுந்தால், கெடிலம் ஆற்றின் வெள்ளம் பாலத்தின் தூணை ஒட்டி நெருக்கிக்கொண்டு இருபுறமும் விரைவதுபோல, சுமையும் ஓட்டையின் இரு பக்கமும் ஒதுங்கி நெரிசலாக இறங்குகிறது. நெரிசல் எவ்வளவு என்பதை ஜெர்மானியப் பொறியாளர் எர்ன்ஸ்ட் குஸ்தாவ் கிர்ஷ் 1898ல் கணக்கிட்டுக் காட்டினார். அகலமான தகட்டில் ஒரு சிறு வட்டத் துளை இருக்கிறது. அதை மேலிருந்து கீழாக அமுக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். துளையின் இடது, வலது விளிம்புகளில் அமுக்கம் மூன்று மடங்காகிறது. துளையின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் நிலைமை தலைகீழ். அங்கே அமுக்கமே இல்லை. நாம் அமுக்கிய அதே அளவுக்கு அங்கே பக்கவாட்டில் இழுவிசை பிறக்கிறது.

இந்த இழுவிசைதான் வில்லன். கான்கிரீட்டை அமுக்கினால் மலைபோல் நிற்கும். இழுத்தால் சுலபமாகப் பிளந்துவிடும். அமுக்கத்தைத் தாங்கும் வலிமையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இழுவிசைக்கு எதிராக அதனிடம் உண்டு. கம்பி கட்டுவதே இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான்.

கிர்ஷ் கணக்கிட்டது வட்டத் துளை. வாசலும் ஜன்னலும் சதுர மூலை கொண்டவை. மூலை எவ்வளவு கூர்மையோ அவ்வளவுக்கு அங்கே விசை குவியும் என்பதை 1913ல் பிரிட்டிஷ் பொறியாளர் சார்லஸ் இங்லிஸ் நிறுவினார். பக்கவாட்டு விசை வரும்போது இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. செவ்வகமாக இருந்த திறப்பு லேசாகச் சரிந்து சாய்செவ்வகமாக மாற முயலும். அப்போது எதிரெதிரான இரண்டு மூலைகள் திறந்துகொள்ளப் பார்க்கும். மற்ற இரண்டும் இறுகும். காற்றோ அதிர்வோ திசை மாறினால் மூலைகளும் முறை மாறும். கான்கிரீட் உலரும்போது சுருங்குவது, வெயிலில் விரிவது, அஸ்திவாரம் கொஞ்சம் இறங்குவது என்று காரணம் எதுவாக இருந்தாலும் இழுவிசை வந்து குவியும் இடம் அந்த மூலைதான். இழுவிசை எந்தத் திசையில் இருக்கிறதோ அதற்குக் குறுக்காகத்தான் கான்கிரீட் பிளக்கும். அதனால்தான் ஜன்னல் மூலை விரிசல் பெரும்பாலும் சாய்வாகவே ஓடுகிறது.

கட்டிய பின் வெட்டினால்

கட்டும்போதே திறப்பு விட்ட சுவருக்கு இதெல்லாம் தெரிந்தே வழி செய்யப்படுகிறது. நில அதிர்வைத் தாங்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 13920, திறப்பால் அறுபட்டுப் போகும் கம்பிகளின் அளவுக்கு ஈடான கம்பியைத் திறப்பின் நான்கு விளிம்புகளிலும் கூடுதலாகப் போடச் சொல்கிறது. கூர் மூலையைக் கடந்து சாய்வாக ஒன்றிரண்டு கம்பி வைப்பதும் நல்ல கட்டுமானத்தின் பழக்கம்.

சிக்கல் எழுவது கட்டடம் எழும்பிப் பல வருடம் கழித்து, 'இங்கே ஒரு வாசல் இருந்தால் வசதியாக இருக்குமே' என்று தோன்றும்போது. இரண்டு வீட்டை ஒன்றாக்க, புதிய லிஃப்டுக்கு வழிவிட, மருத்துவமனையில் கருவி கொண்டு போக, ஏசி குழாய் செலுத்த என்று காரணம் ஏதோ ஒன்று வரும். பிரேக்கர் வைத்துத் தட்டி, குறுக்கே வந்த கம்பிகளை அறுத்தெறிந்து, ஓரங்களைப் பூசி, மரச்சட்டத்தை நிறுத்தினால் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். அந்தச் சுவருக்கோ அன்றுதான் சோதனை தொடங்குகிறது.

ஒரு எளிய கணக்குப் போடலாம். 3 மீட்டர் நீளமும் 150 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள சுவர் 60 டன் சுமக்கிறது. ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு சுமார் 133 டன். அதில் 90 சென்டிமீட்டர் அகலத்தில் வாசல் வெட்டினால் மீதி 2.1 மீட்டர்தான். அதே 60 டன்னை இப்போது அது சுமக்க வேண்டும்: ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 190 டன். சராசரியே 43 சதவீதம் கூடிவிட்டது. வாசல் ஓரத்தில் இருக்கும் நெரிசல் இதற்கும் மேலே.

இதைவிட நுட்பமான இழப்பு ஒன்று உண்டு. மேலே தளம், கீழே தளம், இரு பக்கமும் குறுக்குச் சுவர் என்று நான்கு பக்கமும் பிடிமானம் உள்ள சுவர் சுமையால் வெளிப்பக்கம் வளைய முயன்றால், நான்கு விளிம்புகளும் சேர்ந்து அதைத் தடுக்கும். நடுவில் வாசல் வந்ததும் அது இரண்டு ஒல்லியான துண்டுகளாகப் பிரிந்துவிடும். வாசலை ஒட்டிய விளிம்புக்குப் பிடிமானம் இல்லை. அந்தத் துண்டுகள் நெடிய ஒற்றைத் தூண்களைப்போல எளிதாக வளையும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. ஸ்வீடனில் 1965 முதல் 1974 வரை 'பத்து லட்சம் வீடுகள்' என்ற பெரும் திட்டத்தில் கான்கிரீட் சுவர் கொண்ட குடியிருப்புகள் ஏராளமாக எழுந்தன. இன்றைய குடும்பங்களின் தேவைக்கு ஏற்ப அவற்றின் சுவர்களை வெட்ட வேண்டிய நிலை வந்தது. அங்குள்ள லூலியோ தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அரையளவு மாதிரிச் சுவர்களை வார்த்து, திறப்பு வைத்து, உடையும் வரை அமுக்கிப் பார்த்தார்கள். சுவரின் குறுக்குவெட்டுப் பரப்பில் கால் பங்கைத் திறப்பு எடுத்துக்கொண்டபோது தாங்கும் திறன் சுமார் 36 சதவீதம் குறைந்தது. பாதியை எடுத்துக்கொண்டபோது பாதித் திறன் போனது. வெட்டி எடுத்தது கால் பங்கு. இழந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். சின்ன வாசல்தானே என்று யாரும் அலட்சியமாக இருக்க முடியாது என்பதற்கு இந்த ஒரு சோதனையே போதும்.

தில்லைக் கோபுரம் வைத்திருக்கும் வாசல்

பெரும் சுமைக்குக் கீழே வாசல் வைக்கும் கலை நமக்குப் புதிதில்லை. சிதம்பரம் நடராசர் கோயிலின் நான்கு ஏழுநிலைக் கோபுரங்களும் அடியில் அகலமான வழியை விட்டுவிட்டுத்தான் நிற்கின்றன. பரத நாட்டியத்தின் 108 கரணச் சிற்பங்களைப் பார்க்க நாம் அண்ணாந்து நிற்பது அந்தத் திறப்பின் பக்கச் சுவர்களில்தான்.

அந்த வழியின் அமைப்பைப் பொறியாளரின் கண்ணோடு பாருங்கள். கோபுரத்தின் அடித்தளப் பகுதி கருங்கல். மேலே எழும் நிலைகள் செங்கல்லும் சுதையும். வாசலின் இரு பக்கமும் மிகத் தடித்த கல் பகுதிகள். மேலே உத்தரமாகக் கற்கள். ஒவ்வொரு நிலையிலும் நடுவில் ஒரு சிறு திறப்பு உண்டு. அவை கீழ் வாசலுக்கு நேர் மேலே ஒன்றன் மேல் ஒன்றாக வரிசை பிடித்து நிற்கின்றன. அதனால் இரு பக்கத்துக் கட்டுமானமும் தடைபடாமல் நேராகத் தரைவரை இறங்குகிறது. திறப்புகளை ஒரே நேர்கோட்டில் அடுக்க வேண்டும், பக்கச் சுவர்களை ஒல்லியாக்கக் கூடாது என்று இன்றைய ஷியர் வால் வடிவமைப்பிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கோபுரம் கட்டியவர்கள் வாசலை முதலிலேயே நினைத்துச் சுவரை எழுப்பினார்கள். நாம் சுவரை எழுப்பிவிட்டு வாசலை நினைக்கிறோம். அதற்குத்தான் மருந்து தேவைப்படுகிறது.

மருந்துகள் மூன்று

முதல் மருந்து, திறப்பைச் சுற்றி இரும்புச் சட்டம் போடுவது அல்லது சுவரின் மேல் புதிதாகக் கம்பி கட்டி இன்னொரு கான்கிரீட் அடுக்கை ஊற்றுவது. நம்பகமான முறைதான். ஆனால் 75 மில்லிமீட்டர் அடுக்கு ஊற்றினாலே ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 190 கிலோ எடை ஏறும். அறை சுருங்கும். அந்த எடையைக் கீழ்த்தளமும் அஸ்திவாரமும் தாங்குமா என்று வேறு பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கார்பன் இழைப் பட்டைகளை எபாக்ஸிப் பசையால் ஒட்டுவது. 1991ல் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் அருகே இபாக் பாலத்தை இப்படித்தான் பழுது பார்த்தார்கள். 175 கிலோ இரும்புத் தகடு செய்ய வேண்டிய வேலையை 6.2 கிலோ கார்பன் பட்டை செய்து முடித்தது. அதன்பின் உலகம் முழுவதும் இந்த முறை பரவியது. இதன் பலவீனம் பசையில் இருக்கிறது. சாதாரண எபாக்ஸி 60 முதல் 80 டிகிரி வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். தீப்பிடித்தால் முதலில் கைவிடுவது அதுதான். ஈரமான சுவரில் சரியாக ஒட்டாது. சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேறவும் விடாது. பசை கலப்பவர்களின் தோலுக்கும் மூச்சுக்கும் பாதுகாப்பும் தேவை.

மூன்றாவதுதான் நாம் பேசவந்த நூல்வலைச் சாந்து. பொறியியல் நூல்களில் இதை 'டெக்ஸ்டைல் ரீஇன்ஃபோர்ஸ்டு மார்ட்டர்', சுருக்கமாக டி.ஆர்.எம். என்பார்கள். பசைக்குப் பதில் சிமெண்ட் சாந்து. தாள்போன்ற பட்டைக்குப் பதில் கண்கள் உள்ள வலை. முறை இவ்வளவுதான்.

வலையும் சாந்தும்

அந்த வலையைக் கையில் எடுத்துப் பார்த்தால், குறிஞ்சிப்பாடித் தறிக்காரர்களுக்குப் பாவும் ஊடையும் உடனே கண்ணில் படும். நெடுக்கில் ஓடும் நூல்கள், குறுக்கில் ஓடும் நூல்கள். இடையில் 1 முதல் 3 சென்டிமீட்டர் வரை அகலமான சதுரக் கண்கள். ஒவ்வொரு நூலும் தனி இழை இல்லை. தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய ஆயிரக்கணக்கான இழைகளை ஒன்றுசேர்த்த கற்றை. இழை கார்பனாக இருக்கலாம், எரிமலைப் பாறையை உருக்கி இழுத்த பசால்ட்டாக இருக்கலாம், கண்ணாடியாகவும் இருக்கலாம். கண்ணாடி என்றால் சாதாரணக் கண்ணாடி இழை உதவாது. சிமெண்டின் காரம் அதை அரித்துவிடும். சிர்கோனியா கலந்த, காரம் தாங்கும் கண்ணாடி இழைதான் வேண்டும்.

சாந்திலும் கவனம் உண்டு. வலையின் கண் வழியாகவும் நூலின் இடுக்கிலும் அது புக வேண்டும். ஆகவே ஜல்லிக்கு இடமில்லை. மணலும் 1 அல்லது 2 மில்லிமீட்டருக்கு உட்பட்ட நைசான சலிப்பாக இருக்க வேண்டும். ஒட்டும் தன்மைக்காகக் கொஞ்சம் பாலிமர் சேர்ப்பதுண்டு. ஓர் அடுக்கு வலையும் அதன் இரு பக்கச் சாந்தும் சேர்ந்து 1 சென்டிமீட்டரைத் தாண்டாது. ஒரு சதுர மீட்டருக்கு எடை சுமார் 20 கிலோ. கான்கிரீட் அடுக்கு ஏற்றும் எடையில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு மெல்லிய பூச்சு என்ன சாதிக்கும் என்று கேட்கலாம். ஆய்வுகளில் அதிகம் பயன்பட்ட ஒரு கார்பன் வலையில், ஒரு திசையில் உள்ள நூல்களை எல்லாம் உருக்கித் தகடாக்கினால் அதன் தடிமன் 0.047 மில்லிமீட்டர்தான். ஒரு மீட்டர் அகலத்துக்கு 47 சதுர மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒரே ஒரு 8 மில்லிமீட்டர் கம்பியின் பருமன். கார்பன் இழையின் வலிமையோ சதுர மில்லிமீட்டருக்கு 3,000 நியூட்டனுக்கும் மேல். பாதுகாப்புக்காக அதில் 1,000 நியூட்டனை மட்டும் கணக்கில் எடுத்தாலும் 47,000 நியூட்டன், அதாவது 4.7 டன் இழுவிசையை ஒரு மீட்டர் வலை தாங்கும். எஃப்.இ. 500 ரகத்தில் இரண்டு 8 மில்லிமீட்டர் கம்பிகள் தாங்கும் அளவுக்குச் சமம். சுவரின் இரண்டு முகத்திலும் இரண்டிரண்டு அடுக்கு போட்டால் 18 டன்னைத் தாண்டும். மூலையில் குவியும் இழுவிசைக்கு இது கணிசமான பதில்.

இன்னொரு நன்மையும் உண்டு. வலை இல்லாத இடத்தில் கான்கிரீட் ஒரே பெரிய விரிசலாகப் பிளக்கும். வலை ஒட்டிய இடத்தில் அதே அசைவு மயிரிழை விரிசல்கள் பலவாகப் பிரிந்துபோகும். அவ்வளவு மெல்லிய விரிசலுக்குள் தண்ணீரும் உப்பும் எளிதில் நுழையாது.

இந்த முறைக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன், ஆஹன் பல்கலைக்கழகங்களும் கிரேக்கத்தின் பத்ராஸ் பல்கலைக்கழகமும் வலுவான அடித்தளம் போட்டன. 2006ல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரக் கல்லூரியின் வளைந்த கான்கிரீட் கூரையை சுமார் 15 மில்லிமீட்டர் கார்பன் வலைப் பூச்சால் பலப்படுத்தினார்கள். அமெரிக்க கான்கிரீட் கழகம் 2013ல் வடிவமைப்பு வழிகாட்டியே வெளியிட்டது. சென்னை தரமணியில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமும் இந்த நூல்வலைக் கான்கிரீட்டில் ஆய்வு செய்துவருகிறது.

உப்புக்காற்றின் கணக்கு

வலையைச் சாந்தில் புதைப்பது பழைய யோசனைதான். பிரான்சில் லாம்போ என்பவர் 1848லேயே இரும்பு வலை மேல் சாந்து பூசிப் படகு செய்தார். ஃபெரோசிமெண்ட் என்று நாம் சொல்வது அதன் வழிவந்தது. தண்ணீர்த் தொட்டிகளுக்கும் செங்கல் சுவர்களைப் பலப்படுத்தவும் அது நம் நாட்டில் நன்றாகவே பயன்பட்டிருக்கிறது. கடலோரத்தில் அதற்கு ஒரு எதிரி உண்டு: உப்பு.

நல்ல கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை அதிகம். அந்தக் காரம் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலத்தை வைத்திருக்கும். கடற்காற்றில் வரும் உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக ஊடுருவிக் கம்பியைத் தொட்டதும் அந்தப் படலம் கிழிந்துவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும். உள்ளிருந்து தள்ளும் அந்த அழுத்தத்தில் கான்கிரீட் உப்பி, பொருக்காக உதிரும். அதனால்தான் தரநூல் ஐ.எஸ். 456, கடலோரக் காற்றுக்கு ஆளாகும் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம் 30 தரமும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கவரும் கேட்கிறது. ஃபெரோசிமெண்டின் இரும்பு வலைக்கு மேலே இருப்பது சில மில்லிமீட்டர் சாந்து மட்டுமே. உப்புக்கு அது ஒரு தடையே இல்லை.

கார்பனும் பசால்ட்டும் காரம் தாங்கும் கண்ணாடியும் துருப்பிடிப்பதில்லை. அவற்றுக்கு 45 மில்லிமீட்டர் கவர் வேண்டாம். நாலைந்து மில்லிமீட்டர் போதும். அவ்வளவு மெல்லிய கவசம் சாத்தியமாவதன் ரகசியம் இதுதான்.

இந்தக் கரையின் கட்டடங்கள் உப்பை மட்டும் தாங்கினால் போதாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டம் 600க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்தது. 2015ல் பெருவெள்ளம். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் ஏற்பட்ட நில அதிர்வு இந்தக் கரையையும் உலுக்கியது. சுனாமியிலும் புயலிலும் வெள்ளத்திலும் மக்கள் ஓடி ஒதுங்கியது பள்ளிகளும் மண்டபங்களும் மருத்துவமனைகளும் புயல் பாதுகாப்பு மையங்களுமான கான்கிரீட் கட்டடங்களில்தான். அவற்றின் சுவர்களில் வெட்டப்படும் ஒவ்வொரு திறப்பும் பொதுமக்களின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கார்பன், மின்சாரம் கடத்தும். உப்பும் ஈரமும் உள்ள சுவரில் கார்பன் நூல் இரும்புக் கம்பியை நேராகத் தொட்டால், மின்கலத்தில் நடப்பதுபோன்ற வேதிவினை தொடங்கி இரும்பு இன்னும் வேகமாக அரிபடும். ஆகவே இரண்டுக்கும் இடையே சாந்து கட்டாயம் இருக்க வேண்டும். கவர் உதிர்ந்து கம்பி வெளியே தெரியும் கடலோரச் சுவர்களில் கண்ணாடி அல்லது பசால்ட் வலையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

வேலை நடக்கும் விதம்

முறையாகச் செய்தால் வேலை இப்படிப் போகும். முதலில் பொறியாளர் கட்டடத்தின் வரைபடத்தைப் பார்ப்பார். வரைபடம் இல்லையென்றால் கம்பி கண்டறியும் கருவியைச் சுவரில் ஓட்டி, கம்பி எங்கே ஓடுகிறது, கவர் எவ்வளவு என்று குறித்துக்கொள்வார். துருப்பிடித்த கம்பி இருந்தால் உப்பேறிய கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, அந்த இடத்தை முதலில் சரிசெய்ய வேண்டும். துருவை உள்ளே வைத்து மேலே எதைப் பூசினாலும், அது உள்ளிருந்தே பூச்சைத் தள்ளிவிடும்.

அடுத்து, திறப்புக்கு மேலுள்ள தளத்துக்கு ஜாக்கி வைத்து முட்டுக்கொடுக்க வேண்டும். சுமையை முட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் வெட்டு. வெட்டும் இடத்தின் நான்கு மூலைகளிலும் முதலில் கோர் கட்டிங் இயந்திரத்தால் வட்டத் துளை போடுவார்கள். பிறகு வைர ரம்பத்தால் துளையிலிருந்து துளைக்கு அறுப்பார்கள். இதில் இரண்டு லாபம். ரம்பத்தின் தகடு வட்டமானது. துளை இல்லாமல் மூலைவரை முழு ஆழத்துக்கு அறுக்க முயன்றால், தகடு மூலையைத் தாண்டிப் போய்ச் சுவரில் கீறல் விழுந்துவிடும். அந்தக் கீறல் விரிசலுக்கு நாமே போட்டுக்கொடுத்த பாதை. துளை போட்டால் அது நடக்காது. இன்னொன்று, மூலை கூர்மையாக இல்லாமல் வளைவாக அமையும். இங்லிஸ் 1913ல் சொன்னதுபோல, வளைந்த மூலையில் விசையின் குவிப்பு குறையும்.

பிறகு சுவரின் பெயிண்டையும் பூச்சையும் நீக்கி, கான்கிரீட் முகத்தைச் சொரசொரப்பாகக் கொத்திவிட்டு, நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். உப்புத் தண்ணீர் போர்வெல் உள்ள இடங்களில் இதற்குத் தனியாக நல்ல தண்ணீர் வரவழைப்பது அவசியம். சுவர் உள்ளே ஈரம் குடித்திருக்க வேண்டும். வெளியே நீர் பளபளக்கக் கூடாது. அந்தப் பதத்தில் முதல் சாந்தை 3 அல்லது 4 மில்லிமீட்டர் கனத்தில் இழுத்து, வெட்டி வைத்த வலையை அதில் பதித்து, கரணையால் அழுத்த வேண்டும். வலையின் ஒவ்வொரு கண்ணிலும் சாந்து பிதுங்கி வெளியே வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிதுங்காத இடத்தில் வலை ஒட்டவில்லை என்று பொருள். முதல் சாந்து காய்வதற்குள் அடுத்த சாந்து. தேவைப்பட்டால் அடுத்த வலை.

வலை எங்கெங்கே போக வேண்டும் என்பதுதான் வடிவமைப்பின் உயிர். திறப்பின் மேலே படுக்கைவாட்டிலும், இரு பக்கமும் செங்குத்தாகவும், மூலைகளைக் கடந்து 45 டிகிரிச் சாய்விலும் பட்டைகள் ஓடும். திறப்பின் ஓரத்தில் வலையை அறுத்துவிடாமல், சுவரின் தடிமனைச் சுற்றி மறுமுகத்துக்குக் கொண்டுபோய் ஒட்டினால் பிடிப்பு நன்றாகக் கூடும். வலையின் முனைகள் சுவரைவிட்டு உரிந்து வருவதுதான் இந்த முறையின் வழக்கமான தோல்வி. அதனால் முனைகளைச் சுவருக்குள் துளையிட்டு இழைக்கற்றை ஆணிகளால் கட்டுவதும் உண்டு. கடைசியாகக் குறைந்தது ஒரு வாரம் ஈரச்சாக்குப் போட்டு நீராற்ற வேண்டும். 1 சென்டிமீட்டர் சாந்து கடற்கரைக் காற்றில் மிகச் சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்தால் சுருங்கிப் பொருக்காகும்.

எது முடியாது

நூல்வலைச் சாந்துக்கும் எல்லை உண்டு. கற்றையின் வெளி இழைகளைத்தான் சாந்து இறுகப் பிடிக்கும். உள் இழைகள் வழுக்கும். ஆகவே இழையின் முழு வலிமை ஒருபோதும் கைக்கு வராது. வலை இழுவிசையைத் தாங்கும்; அமுக்கத்தைத் தாங்க அதனால் முடியாது. வாசலுக்குப் பக்கத்தில் மிஞ்சும் சுவர்த்துண்டு மிக ஒல்லியாகிவிட்டால், இரும்புச் சட்டமோ புதிய கான்கிரீட் அடுக்கோ இல்லாமல் வழியில்லை. அகலமான திறப்புகளுக்கு வலை மட்டும் போதாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பில்லரும் செங்கல்லும் சேரும் இடத்தில் பூச்சு வெடிக்காமல் இருக்க ஹார்டுவேர் கடையில் வாங்கி ஒட்டும் ஃபைபர் மெஷ்ஷும் கோழிவலையும் இந்த வேலைக்கு ஆகாது. அவை பூச்சைப் பிடிக்கும், கட்டடத்தைப் பிடிக்காது. இழையின் வகை, எடை, வலிமை எல்லாம் சோதித்துச் சான்றளிக்கப்பட்ட வலையும், அதற்கென்று பொருத்தம் பார்த்த சாந்தும் இருந்தால்தான் பொறியாளரின் கணக்கு உண்மையாகும்.

இந்த இடத்தில் சிதம்பரத்துக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. 1929 முதல் இயங்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியல் துறை இருக்கிறது. அதன் கடல் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தருகே இருக்கிறது. உப்புக்காற்று ஓயாமல் வீசும் கரையும், சுவர்களை உடைத்துப் பார்க்கும் அறிவும் ஒரே பல்கலைக்கழகத்தின் கையில் இருப்பது அரிய வசதி. நம் எம்-சாண்டில் செய்த சாந்தும் இந்தியச் சந்தையில் கிடைக்கும் வலையும் சேர்ந்த மாதிரிப் பலகைகளைப் பரங்கிப்பேட்டைக் கரையில் ஐந்து, பத்து ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் நிறுத்தி, ஒவ்வொரு தொகுதியாக எடுத்து உடைத்துப் பார்க்கலாம். குளிர்நாட்டு முடிவுகளை நம்பி நம் கட்டடங்களைப் பலப்படுத்துவதைவிட, நம் கரையின் உப்பிலேயே சோதித்த முடிவு பொதுப்பணித் துறைக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் துணிச்சல் தரும்.

வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இது. உங்கள் வீட்டிலோ கடையிலோ பள்ளியிலோ உள்ள கான்கிரீட் சுவரில் திறப்பு வெட்ட வேண்டும் என்றால், பிரேக்கரை வரவழைக்கும் முன் கட்டமைப்புப் பொறியாளரை வரவழையுங்கள். அது சுமை தாங்கும் சுவரா, எந்தக் கம்பி அறுபடும், அறுபட்டதற்கு ஈடு என்ன என்ற மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏற்கெனவே வெட்டியிருந்தால் மூலைகளைப் பாருங்கள். சாய்வான விரிசலும் துருத் தடமும் தெரிந்தால் பட்டி அடைத்து மறைக்காதீர்கள். வெட்டிய சுவருக்கு வலிமையைத் திருப்பித் தரும் வழி இன்று இருக்கிறது. அதைக் கணக்குப் போட்டு, நேரத்தோடு செய்தால் மட்டுமே அது காப்பாற்றும்.